‘ஷோ மீ லவ்’: சப் படுத்தாலும் பேஸ் படுக்காத பாட்டு

சென்னைக் கல்யாண மண்டபங்களுக்கு வாடகையில் வரும் சவுண்ட் செட்டின் லட்சணம் தெரிந்ததுதான். மேடைக்கு இரண்டு பக்கமும் 15 அங்குல டாப் ஸ்பீக்கர், அதன் கீழே பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கென்று 18 அங்குல சப். அந்த சப்பில் ஒன்று பல நாள் பேருக்குத்தான் நிற்கும். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சூடேறி அணைந்திருக்கும். அல்லது ஒயரை மாற்றிக் குத்தியதில் ஒரு சப் முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுத்து, இரண்டும் சேர்ந்து நடுக்கூடத்தில் பேஸையே காணாமல் அடித்திருக்கும். இப்படிப்பட்ட செட்டில் போன வருஷம் வந்த கிளப் பாட்டைப் போட்டால் ‘டிக் டிக்’ சத்தமும் குரலும்தான் மிஞ்சும். 1993-இல் ஹிட்டான ராபின் எஸ் பாட்டு ‘ஷோ மீ லவ்’வைப் போடுங்கள், பேஸ் மெட்டு கடைசி வரிசை நாற்காலிவரை போய்ச் சேரும். ரிசப்ஷன், ஈசிஆர் ரிசார்ட் பார்ட்டி, ஓட்டல் பார் என்று சென்னையில் டிஜே வேலை பார்ப்பவருக்கு இந்தப் பாட்டு எந்த அளவு உதவும், எங்கே காலை வாரும் என்பதுதான் இந்த விமர்சனம்.

பாட்டின் வரலாறு சுருக்கமாக. எழுதியவர்கள் ஆலன் ஜார்ஜ், ஃப்ரெட் மெக்ஃபார்லேன். 1990-இல் லண்டன் நிறுவனமான சாம்பியன் வெளியிட்டது. அந்த முதல் வடிவத்தை இன்று கேட்டால், ஏன் எடுபடவில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நல்ல குரல், சுமாரான உடுப்பு. பிறகு ஸ்வீடன்காரர் ஸ்டோன்பிரிட்ஜ் குரலை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழற்றிப் போட்டுப் புதிதாகக் கட்டினார். உலகம் ஆடியது அதற்குத்தான். 1993-இல் பிரிட்டன் பட்டியலில் 6-ஆம் இடம், அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100-இல் 5-ஆம் இடம். கீழே ‘பாட்டு’ என்று சொல்வதெல்லாம் ஸ்டோன்பிரிட்ஜ் வடிவத்தைத்தான்.

அதன் உயிர்நாடி ஒரு கீபோர்டில் வந்த ரெடிமேட் சத்தம். கோர்க் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த எம்1 கீபோர்டில் 17-ஆம் எண்ணில் இருக்கும் ‘ஆர்கன் 2’. பேஸ் கிடார் வாசிக்க வேண்டிய வேலையை ஸ்டோன்பிரிட்ஜ் இந்த ஆர்கனிடம் கொடுத்தார். வாங்கியவர் எல்லோரிடமும் இருந்த சத்தம்தான். ஆனால் கீழ் ஸ்தாயியில், துண்டு துண்டாக வாசித்தபோது அது வேறு ஒன்றாகிவிட்டது.

மண்டபத்தில் இது ஏன் தாக்குப்பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்றைய கிளப் பாட்டுகள் பலவற்றில் பேஸ் கிட்டத்தட்ட சுத்தமான சைன் அலை. 50 ஹெர்ட்ஸ் என்றால் 50 மட்டும்தான், அதற்கு மேலே ஒன்றும் இல்லை. அதை அழுத்தமாக எழுப்ப சப் ஒன்றால்தான் முடியும். சப் படுத்தால் பேஸும் படுத்தது. ஆர்கன் சத்தம் அப்படியல்ல. 65 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் வாசித்தால் கூடவே 131, 196, 262 என்று மேல் ஒலிகள் வரிசையாக எழும். சப் இல்லாமல் போனாலும் இந்த மேல் ஒலிகளை டாப் பாக்ஸ் நன்றாகவே கொடுக்கும். அவற்றைக் கேட்ட மாத்திரத்தில், அடியில் 65 இருக்கிறது என்று காது தானாகவே முடிவுகட்டிவிடும். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் மந்தரத் தந்தியை மீட்டும்போது யாரும் மீட்டாத காந்தாரம் மேலே கேட்கும் அல்லவா? இங்கே அதன் தலைகீழ். மேலே உள்ளவை கேட்கின்றன, கீழே இல்லாததைக் காது நிரப்பிக்கொள்கிறது. ஷேர் ஆட்டோவின் கிழிந்த ஸ்பீக்கரிலும் செல்போனிலும் இந்தப் பாட்டின் பேஸ் மெட்டைக் கூடவே முணுமுணுக்க முடிவது இதனால்தான்.

இரண்டாவது விஷயம், அந்த ஆர்கன் ஸ்வரம் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னத் தட்டல் இருக்கிறது. மரப்பலகையை விரல் முட்டியால் தட்டியதுபோல் ‘டொக்’. அதனால் பேஸ் மெட்டு தாளக்கருவியாகவும் வேலை செய்கிறது. கிக் டிரம் நான்கு அடியிலும் நேராக விழ, ஆர்கன் பாதி இடங்களில் அடி விழுந்த பிறகு எடுக்கிறது. கச்சேரிக்காரர்கள் அனாகதம் என்பார்களே, அந்த ருசி. ஸ்வரங்களுக்கு நடுவே வெற்றிடம் விட்டிருப்பதால் கிக்குக்கும் ஆர்கனுக்கும் முட்டல் மோதல் இல்லை.

மற்றபடி பாட்டில் பெரிதாக ஒன்றும் கிடையாது, அதுதான் அழகு. இரண்டு, நான்கு அடிகளில் கைதட்டல் போன்ற ஸ்நேர், அடிகளின் நடுவே திறந்த ஹை-ஹேட், மேலே கொஞ்சம் கீபோர்டு, அதற்கும் மேலே ராபின் எஸ்ஸின் குரல். பேச்சு போதும், செயலில் காட்டு என்று ஒரு பெண் சலித்துக் கேட்பதுதான் விஷயம். சர்ச்சில் பாடும் பாணித் தொண்டை. கெஞ்சல் இல்லை, அதட்டல். ஆங்கிலம் புரியாத கூட்டத்துக்கும் அந்த அதட்டல் புரிகிறது.

குறையும் உண்டு. நடுவில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் சுற்றும் பகுதி கிளப்பில் சுகம், ரிசப்ஷனில் ஆபத்து. அடிக்கடி பல்லவி கேட்டுப் பழகிய கூட்டம் அந்த இடத்தில் பஃபே பக்கம் நகரும். முழு நீள கிளப் மிக்ஸை மண்டபத்தில் கடைசிவரை ஓட்டாதீர்கள். இரண்டாவது பல்லவி முடிந்ததும் அடுத்த பாட்டுக்குத் தாவ வேண்டும். ரேடியோ எடிட் என்ற சுருக்கிய வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கலக்கத் தேவையான வெறும் தாள முகப்பு அதில் குறைவு. எனவே கிளப் மிக்ஸை வாங்கி, நீங்களே இடம் குறித்து வெட்டிக்கொள்வது நல்லது.

வாங்கும்போது முதல் குழி பெயரில் இருக்கிறது. ராபின் எஸ் வேறு, ராபின் வேறு. பின்னவர் ஸ்வீடன் பாடகி. 1997-இல் அவருக்கும் ‘ஷோ மீ லவ்’ என்றே ஒரு ஹிட் உண்டு. நல்ல பாப் பாட்டுதான், ஆனால் டான்ஸ் ஃப்ளோரில் அதைத் தவறுதலாகத் தட்டிவிட்டால் முழிக்க வேண்டியதுதான். தமிழில் எழுதினால் இரண்டு பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, போதாக்குறைக்கு இந்தப் பாட்டைத் திருத்தியவரும் ஸ்வீடன்காரர், குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும். ஃபைலில் ஸ்டோன்பிரிட்ஜ் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தாள முகப்பு முடிந்து ஆர்கன் பேஸ் வந்தால் சரி. 2009-இல் ஸ்டீவ் ஆஞ்சலோவும் லெய்ட்பேக் லூக்கும் செய்த வடிவமும் சுற்றுகிறது. அது பெரிய மைதானத்துக்கானது, மண்டபத்துக்குக் காரம் அதிகம்.

இரண்டாவது குழி யூடியூபிலிருந்து இறக்கிய ஃபைல். ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி எம்பி3 ஆக்கும்போது முதலில் சாவது ஹை-ஹேட். ‘ட்ஸ்’ என்று கேட்க வேண்டியது, நீருக்கடியில் யாரோ ‘ஷ்ஷ்’ என்பதுபோல் ஆகிவிடும். செல்போனில் தெரியாது, ஹார்ன் வைத்த டாப்பில் பல் கூசும். 320 கேபிபிஎஸ் அல்லது வேவ் ஃபைலைக் காசு கொடுத்து வாங்குங்கள். இசைத்தட்டிலிருந்து பதிவு செய்த ஃபைலிலும் ஒரு சிக்கல் உண்டு. பதிவின் நடுவே டர்ன்டேபிள் வேகம் அரை சதவீதம் பிசகியிருந்தாலும், திரையில் காட்டும் பிபிஎம்மை (நிமிஷத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கை) நம்பி அடுத்த பாட்டோடு ஓட விட்டால் 100 அடிக்குள் அரை அடி விலகிவிடும். 120 பிபிஎம்மில் 100 அடி என்பது 50 விநாடி. ஒழுங்கான டிஜிட்டல் ஃபைலில் இது வராது. சீக்வென்சரில் செய்த பாட்டு, தாளம் நூல் பிடித்ததுபோல் நிற்கும்.

மூன்றாவது, ஒலி அளவு. அந்தக் கால மாஸ்டரிங் இன்றைய பாட்டுகளைவிடச் சில டெசிபல் அடக்கமாக இருக்கும். முந்தைய பாட்டு அலறிவிட்டு ஓய்ந்ததும் இது பலவீனமாகக் கேட்டால் பாட்டின் மேல் பழி போடக்கூடாது. சேனல் ஃபேடர் ஏற்கெனவே உச்சியில் இருக்கும். தொட வேண்டியது மேலே உள்ள டிரிம், அதாவது உள்ளே வரும் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே மீட்டர் முந்தைய பாட்டின் உயரத்துக்கு வரும்வரை டிரிமைத் திருப்புங்கள். அவசரத்தில் பேஸ் குமிழைத் திருகி ஈடுகட்டுவது பலர் செய்யும் தப்பு. அப்போது ஆர்கன் வீங்கிக் கிக்கை மூடிவிடும், பாட்டின் வெற்றிடங்கள் அடைபடும்.

சவுண்ட் செக்குக்கு இதைவிடத் தோதான பாட்டு அரிது. கூட்டம் வருமுன் ஒரு நிமிஷம் ஓடவிட்டுக் கூடத்தின் நடுவில் போய் நில்லுங்கள். ஆர்கன் தெளிவாகக் கேட்கிறது, கிக் மட்டும் நெஞ்சில் தட்டவில்லை என்றால் கோளாறு சப் பக்கம். இரண்டு சப்பில் ஒன்றை அணைத்துப் பாருங்கள். ஒன்றை அணைத்ததும் பேஸ் கூடினால் போலாரிட்டி மாறியிருக்கிறது என்று அர்த்தம். சவுண்ட் சர்வீஸ் அண்ணனைக் கூப்பிட்டு ஒரு பாக்ஸின் பிளஸ்–மைனஸைத் திருப்பச் சொல்லுங்கள், அல்லது ஆம்ப்பில் போலாரிட்டி பட்டன் இருந்தால் தட்டுங்கள். கிக் தட்டுகிறது, ஆர்கன் மட்டும் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டுகிறது என்றால் அது மண்டபத்தின் எதிரொலி. கிரானைட் தரை, கண்ணாடிக் கதவு, உயர்ந்த கூரை என்று சத்தத்தைக் குடிக்க எதுவுமே இல்லாத கூடங்களில் 150 முதல் 250 ஹெர்ட்ஸ்வரை தேங்கும். மிக்ஸரில் அந்த இடத்தை 3 டெசிபல் இறக்கினால் ஸ்வரங்கள் பிரிந்து கேட்கும். ஆள் நிறைந்தால் பட்டுப்புடவையும் கோட்டும் கொஞ்சம் குடித்துக்கொள்ளும், அப்போது பாதியைத் திரும்ப ஏற்றலாம். ராபின் எஸ் உச்சத்தில் பிடிக்கும்போது காதில் ஊசி குத்தினால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ்வரை கொஞ்சம் தணிக்க வேண்டும், பெரியவர்கள் உட்காரும் பக்கம் டாப்பின் வாய் நேராகப் பார்க்காமல் திருப்ப வேண்டும்.

‘ஊம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப். கன்ட்ரோலருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் டிஐ பாக்ஸ் என்ற சின்ன இணைப்புப் பெட்டியைப் போட்டு, அதில் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டினால் தீரும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்துச் சரிசெய்வதை மட்டும் செய்யாதீர்கள். மழைநாளில் ஈர மேடையில் மைக் பிடிப்பவர் மேல் கரண்ட் பாயும்.

ஈசிஆர் பக்கம் திறந்த புல்வெளியில் நடக்கும் பார்ட்டிக்கு வேறு கணக்கு. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்கத்துக்குள் விலக்கு உண்டு. பத்து நெருங்கும்போது ரிசார்ட் மேனேஜர் முதலில் கைவைக்கச் சொல்வது சப்பில்தான், சுவரைத் தாண்டிப் போவது அதுதான் என்பதால். ஒன்பதரைக்கு மேல் சப்பை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டிய அரை மணி நேரத்துக்கு இந்தப் பாட்டையும் இதே ஆர்கன் குடும்பத்துப் பாட்டுகளையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

இனி தமிழ்ப் பாட்டோடு கலப்பது. சென்னையில் இதுதான் பரீட்சை. நேர் நான்கடித் தாளத்தில் வரும் சினிமா டான்ஸ் பாட்டு என்றால் கஷ்டமில்லை. வேகத்தை 6 சதவீதம்வரை ஏற்றலாம், வேகம் மாறினாலும் சுருதியை மாறவிடாத கீ லாக் போட்டுவிட்டால் குரல் கெடாது. அதற்கு மேல் போனால் ராபின் எஸ் குரலில் மணல் கலந்த மாதிரி ஒரு கரகரப்பு வரும். டப்பாங்குத்தில்தான் வம்பு. குத்தில் ஓர் அடிக்குள் மூன்று, ‘ஷோ மீ லவ்’ சேர்ந்த ஹவுஸ் வகையில் ஓர் அடிக்குள் நான்கு. திஸ்ர நடையும் சதுஸ்ர நடையும். அடி ஒன்றாகவே விழும், ஆனால் அடிக்குள் இருக்கும் ஹை-ஹேட்டும் பறையின் உருட்டலும் ஒன்றையொன்று மிதிக்கும். கேட்பவருக்கு என்ன தப்பு என்று தெரியாது, ஆனால் கால் தடுமாறும்.

இதற்கு வழி உண்டு. ஹவுஸ் பாட்டில் தாளம் மட்டும் ஓடும் 4 அடியை லூப் போடுங்கள். ஹை குமிழை முழுதாக இறக்கி ஹை-ஹேட்டை அறுத்துவிடுங்கள். வெறும் கிக்குக்கு நடை கிடையாது. மூன்றோடும் போகும், நான்கோடும் போகும். குத்துப் பாட்டை அதன் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) விடுங்கள், பேஸை இறக்கி வைத்து. 16 அடி இரண்டும் சேர்ந்து ஓடலாம், அதற்கு மேல் வேண்டாம். 17-ஆம் அடியில் ஒரே வீச்சில் பேஸை மாற்றி ஹவுஸை மூடிவிடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் சாஃப்ட்வேர் காட்டும் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். 120-இல் ஓடும் குத்தை அது மூன்றாகப் பிரித்து எண்ணி 180 என்றோ 90 என்றோ காட்டுவது சகஜம். இரட்டிப்பு, பாதி பட்டன்களால் இது சரியாகாது. காலால் தாளம் போட்டு, டேப் பட்டனைக் கையால் தட்டி 120-க்குக் கொண்டுவர வேண்டும். அதை வீட்டிலேயே செய்து சேவ் பண்ணிவிட்டு வாருங்கள், மேடையில் அல்ல.

இந்தச் சத்தத்தை நீங்களே வைத்து ரீமிக்ஸ் செய்ய ஆசை என்றால் பழைய எம்1 கீபோர்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. கோர்க்கே விற்கும் எம்1 பிளகின் போதும். 2005-இலிருந்து கம்ப்யூட்டருக்கும், பிறகு ஐபேடுக்கும் வந்துவிட்டது; ‘ஆர்கன் 2’ அப்படியே இருக்கிறது. அசல் கீபோர்டின் ஃபில்டரில் ரெசொனன்ஸ் கிடையாது, பிளகினில் சேர்த்திருக்கிறார்கள். இந்தச் சத்தத்துக்கு அதைத் தொடவே வேண்டாம். முதல் வேலை, பிளகினுக்குள் இருக்கும் ரிவெர்பை (எதிரொலிச் சேர்க்கையை) அணைப்பது. கீழ் ஸ்தாயியில் ரிவெர்ப் சேறு. பிறகு கீழ்ப்பக்க இரண்டு ஆக்டேவுக்குள் வாசியுங்கள். ஸ்வரங்களை நான்கடிச் சுற்றில் 16-இல் ஒரு பங்கு, மிஞ்சினால் 8-இல் ஒரு பங்கு நீளத்துக்கு வெட்டி, நடுவில் மௌனம் விடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் சொதப்புவது இங்கேதான். ஒரு ஸ்வரம் முடியுமுன் அடுத்ததை ஒட்டினால் அந்த ‘டொக்’ அமுங்கிவிடும், ஆர்கன் வெறும் கோயில் திருவிழா ஹார்மோனியம் ஆகிவிடும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, கிக்கை 50–60 ஹெர்ட்ஸில் உட்கார வையுங்கள். அடியில் கனம் வேண்டும் என்றால் ஒரு ஆக்டேவ் கீழே மெல்லிய சைன் சேர்க்கலாம். ஆனால் அதை மட்டும் அணைத்துவிட்டுச் செல்போனில் ஒருமுறை கேளுங்கள். மெட்டு நிற்கவில்லை என்றால் மெட்டுதான் பலவீனம்.

பழைய கீபோர்டே வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து வந்த பீஸ் 100 வோல்ட்டுக்கானது. நம்மூர் 230-இல் நேராகக் குத்தினால் அன்றோடு சரி. பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்டேஜைப் படித்து, தேவைப்பட்டால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது, சத்தங்களை நினைவில் வைப்பது அதுதான். அது செத்திருந்தால் 17-ஆம் எண்ணில் ஆர்கன் இருக்காது, கண்டபடி சத்தம் வரும். விற்பவர் ‘போர்டு போச்சு’ என்று விலையைக் குறைத்துச் சொன்னால், போனது பேட்டரி மட்டுமாகவும் இருக்கலாம். புதிது மாற்றிவிட்டு, ஃபேக்டரி சத்தங்கள் அடங்கிய சிஸ்எக்ஸ் ஃபைலைக் கம்ப்யூட்டரிலிருந்து மிடி ஒயர் வழியாக ஏற்றினால் உயிர் வந்துவிடும்.

12 அங்குல இசைத்தட்டு சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளூர்ப் பழைய கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சினிமாத் தட்டுதான். இதை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும், அஞ்சல் செலவும் சுங்கமும் தனி. வந்த பிறகு படுக்கவைத்து அடுக்காதீர்கள், நட்டமாக நிறுத்துங்கள். மே மாத வெயிலில் காருக்குள் ஒரு மணி நேரம் விட்டால் அப்பளமாகிவிடும். கடற்கரைப் பக்க வீடுகளில் உறைக்குள் பூஞ்சை பிடிக்கும். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றினால் தப்பிக்கும்.

2022-இல் பியான்சே ‘பிரேக் மை சோல்’ வெளியிட்டபோது எழுதியவர்கள் பட்டியலில் ஆலன் ஜார்ஜ், ஃப்ரெட் மெக்ஃபார்லேன் பெயர்களும் இருந்தன. அதைக் கேட்டு வளர்ந்த தங்கச்சிகள் ரிசப்ஷனில் வந்து பியான்சே பாட்டைக் கேட்கிறார்கள், அண்ணன்மார் ராபின் எஸ்ஸைக் கேட்கிறார்கள். பியான்சேயை முதலில் போடுங்கள், அது சற்று மெதுவானது. பிறகு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இதற்கு வாருங்கள். வரிசையை மாற்றிப் போட்டால் வேகம் இறங்கி, ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஐஸ்கிரீம் ஸ்டால் பக்கம் போய்விடுவார்கள்.